ஊர், காலனி, நகர்

போன ஆவணியில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானது. குடியிருந்தவர்கள் சேலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். "வீடு வாடகைக்கு" என்று அட்டையில் எழுதி கேட்டில் கட்டினேன். நான்காம் நாள் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார். செவிலியர் வேலை. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், வண்டி நிறுத்த இடம் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாம் கேட்டார். வீடு பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிளம்பும்போது அந்த அம்மா என் மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாங்க காலனிங்கம்மா. பின்னாடி தெரிஞ்சிகிட்டு காலி பண்ணச் சொன்னா கஷ்டம். அதான் முன்னாடியே சொல்லிடறோம்."

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். என் மனைவிக்கு நெஞ்சு வலி வந்த இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து காரை எடுத்தவர் அவர்தான். "சார், ஆளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு வீட்டுல விட்டா அடுத்தடுத்து வருவாங்க. நாளைக்கு மனைய விக்கணும்னா வெல போவாது. பார்த்து செய்யுங்க" என்றார்.

அந்தப் பெண்ணிடம் "ரெண்டு நாள்ல சொல்றேன்மா" என்று சொல்லியிருந்தேன். ரெண்டு நாள் ஒரு வாரமானது. அந்த ஒரு வாரத்தில் என் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் நிலம் அளந்து பிழைத்தவன். எல்லைக் கல் எப்படி நடப்படுகிறது, ஏன் நகர்வதில்லை என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதனால் இது கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வாக்குமூலம்.

எங்கள் பக்கத்துக் கிராம வரைபடம் எதை விரித்தாலும் இரண்டு கொத்தாக வீடுகள் இருக்கும். ஒன்று ஊர். கோயில், குளம், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாம் அங்கே. இன்னொன்று வயலைத் தாண்டி, பெரும்பாலும் தாழ்ந்த பக்கம், ஏரி வாய்க்காலின் கடைசியில். அந்தக் காலப் பதிவேட்டில் ஒன்று நத்தம், இன்னொன்று சேரி நத்தம். எங்கள் தலைமுறையில் சேரி என்ற சொல் காலனி ஆனது. வேடிக்கை என்னவென்றால், சென்னையில் போஸ்டல் காலனி என்றால் உத்தியோகஸ்தர்கள் இருக்கும் இடம். கள்ளக்குறிச்சியில் பஸ்ஸில் ஏறி "காலனி ஸ்டாப்" என்று டிக்கெட் கேட்டால், கேட்டவர் யார் என்று கண்டக்டருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு மனிதனின் சாதியைக் கேட்காமலேயே தெரிந்துகொள்ள அவன் இறங்கும் இடம் போதும். இடம் பிரித்து வைப்பதன் முழுப் பயனும் அதுதான்.

இது எவ்வளவு பழையது? ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கு அங்கேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வரி கிடையாத நிலம் எது எது என்ற பட்டியலில் ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தனியாக வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நில அளவைக்காரன் இரண்டாக எழுதியிருக்கிறான். எனக்கு முன்னோடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் "பழைய வழக்கம், அப்படியே வந்துவிட்டது" என்று சொல்லி நிறுத்தினால் அது பொய். வழக்கம் தானாக ஆயிரம் ஆண்டு நிற்காது. அதை ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தவர்களில் முதல் ஆள் நிலக்காரர். சேரியின் வீட்டு மனையும் தன்னுடையதுதான் என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையாள் கூலி அதிகம் கேட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். 1891ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனையே சொந்தமில்லாத நிலைமையும் அதில் வந்தது. அடுத்த ஆண்டு, 1892ல், ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உண்டாக்கியது. அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று, ஒடுக்கப்பட்டவர்களுக்கு வீட்டு மனை வாங்கிக் கொடுப்பது. 1924ல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாருக்கும் உரியது என்று ஆனது. தெருவில் நடக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. தெருவில் குடியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த மனை சொந்தமானது. இது பெரிய காரியம். நூறு ஆண்டாக மிராசுதார் கையில் இருந்த சாட்டையை அது பிடுங்கியது. 1974ல் தாட்கோ வந்தது. வீடுகள் கட்டினார்கள். 1978ல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பழைய 1894ஆம் ஆண்டு சட்டப்படி நிலம் எடுத்தால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பிறந்த பிறகுதான் மனை கிடைக்கும் என்பதால் விரைவாக எடுக்க இந்தச் சட்டம். அதை எதிர்த்து நிலக்காரர்கள் போன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1994ல்தான் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, 1984 என்று ஞாபகம், ஒரு கிராமத்தில் வீட்டு மனைக்கு நிலம் பார்க்கப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். பழைய காலனியில் ஒரு குடிசைக்குள் மூன்று குடும்பம். புது மனை தர வேண்டும், ஆளுக்கு 3 சென்ட். இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று பஸ் ரோட்டை ஒட்டிய மேட்டு நிலம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே. இன்னொன்று பழைய காலனிக்கும் அப்பால், வாய்க்கால் ஓரம், பள்ளம். மேட்டு நிலக்காரர் அன்றைக்கே வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார். ஊர்ப் பெரியவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து, "தம்பி, அவங்கள அவங்க பக்கத்துலயே வெச்சா அவங்களுக்கும் சவுகரியம், நமக்கும் தொல்ல இல்ல" என்றார்கள். எனக்கு மேலே இருந்தவர் "வம்பு வேண்டாம்" என்றார்.

குறிப்பு எழுதியது நான்தான். "உத்தேச மனை இடம், தற்போதைய குடியிருப்பை ஒட்டி அமைவதால் பயனாளிகளுக்கு வசதியாக இருக்கும்" என்று எழுதினேன். பயனாளிகளை யாரும் கேட்கவில்லை. சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோது ஒரு கிழவி மட்டும் பக்கத்தில் வந்து நின்று, "ஏன் சாமி, ரோட்டுப் பக்கம் குடுத்தா ரோடு தேஞ்சிடுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுக் கல்லை நடச் சொன்னேன். அடுத்த ஐப்பசி மழையில் அந்த மனைகளில் முழங்கால் தண்ணீர்.

நான் பார்த்தவரை இது அந்த ஒரு ஊர்க் கதை இல்லை. எங்கே புது மனை கொடுத்தாலும் அது பழைய காலனியை ஒட்டியே கொடுக்கப்பட்டது. காரணம் எளிது. அங்கே நிலம் மலிவு. எதிர்ப்பு இல்லை. கோப்பு சீக்கிரம் முடியும். இப்படி நல்ல எண்ணத்தோடு வந்த சட்டமும், நல்ல எண்ணத்தோடு வந்த பணமும், எங்கள் கைவழியாகப் போகும்போது பழைய கோட்டை இன்னும் கெட்டியாக்கிவிட்டன. குடிசை ஓட்டு வீடாகி, பிறகு கான்கிரீட் ஆனது. இடம் அதே இடம். சோழர் காலத்துக் கோட்டின்மேல் சிமென்ட் பூசியவன் நான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியபோது வேறு மாதிரித் தெரிந்துகொண்டேன். அங்கே நகரத்துக்கு வெளியே, புல்தரையும் தனி வீடுமாகப் புறநகர்கள் இருக்கின்றன. கறுப்பர்கள் அங்கே இல்லாததற்குக் காரணம் அவர்களிடம் பணம் இல்லாதது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அரசாங்கம் செய்த வேலை. 1934ல் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர ஒரு மத்திய அமைப்பை உண்டாக்கினார்கள். கறுப்பர் குடியிருக்கும் பகுதி என்றால் அங்கே உத்தரவாதம் கிடையாது. கடன் ஆபத்து அதிகம் என்று கருதிய பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தார்கள். 1947ல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற பெரிய புறநகரைக் கட்டியபோது, வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 1948ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கறுப்பர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். சட்டம், நல்ல சம்பளம், அரசு வேலை எல்லாம் சேர்ந்து செய்தது. ஆனால் பல இடங்களில் அவர்கள் வந்ததும் வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு இன்னும் தள்ளிப் போனார்கள். ஏன் போகிறீர்கள் என்றால் "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டு விலை இறங்கிவிடும்" என்பார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அதே வார்த்தைதான். அவர் அமெரிக்கா போனதில்லை.

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் இதைக் காய் நகர்த்தும் விளையாட்டு மாதிரி வைத்துக் காட்டினார். ஒவ்வொருவரும் "என்னைச் சுற்றி எங்களவர் கொஞ்சம் பேராவது இருந்தால் போதும்" என்ற அளவுக்கு மட்டும் ஆசைப்பட்டாலும், கடைசியில் பலகை முழுதும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அவருக்கு 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. யாரும் கெட்டவனாக இருக்கத் தேவையில்லை என்பதுதான் அதில் பயமூட்டும் சங்கதி.

இனி நம் பக்கம் என்ன மாறியது, ஏன் மாறியது என்று பார்ப்போம்.

முதல் காரணம் கூலி. என் சின்ன வயதில் காலனிக்காரர்களுக்குப் படி அளந்தது ஊர்க்காரர் களம்தான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் வந்தன. அரிசி ஆலைகள் வந்தன. பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், வெளிநாட்டுக்கும் போனார்கள். ஊர்க்காரர் தராத பணம் கைக்கு வந்தது. இரண்டாவது, படிப்பும் அரசு வேலையும். இட ஒதுக்கீட்டில் ஆசிரியர், போலீஸ், செவிலியர் என்று ஒரு வீட்டில் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு வந்தால் அந்த வீட்டுக்கு வங்கி கடன் தரும்.

மூன்றாவது காரணம் மனை வியாபாரம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். தியாகதுருகம் ரோடு, சங்கராபுரம் ரோடு, கச்சிராயப்பாளையம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும், கரும்பு நின்ற இடத்தில் கல் நட்டு, வளைவு கட்டி, ஏதாவது ஒரு "நகர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மனை விற்பவருக்கு எல்லா மனையும் விற்றாக வேண்டும். தவணை ஒழுங்காகக் கட்டுகிறவன் எந்தத் தெரு என்று அவர் கேட்பதில்லை. நாங்கள் நாற்பது ஆண்டில் செய்யாததை அவருடைய அவசரம் செய்தது. நான்காவது, 2019 நவம்பர் 26. அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அலுவலகங்கள் வந்தன. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஊர் பேர் தெரியாத உத்தியோகஸ்தர்கள் நூற்றுக்கணக்கில் வீடு தேடினார்கள். அறிமுகம் இல்லாதவருக்கு வீடு விட்டுப் பழகாத கள்ளக்குறிச்சி, வேறு வழியில்லாமல் பழகியது.

ஆக, மனை வாங்குவதில் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. எங்கள் நகரிலேயே மூன்று வீடுகள் அவர்களுடையவை. சொந்த வீடு. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வாடகையில் மட்டும் கோடு அப்படியே நிற்கிறது. பத்திர ஆபீசில் பணம் பேசுகிறது. கேட்டுக்கு முன்னால் "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி பேசுகிறது. வாங்க வசதியில்லாமல் வாடகைக்கு வருகிறவர்தான் இன்னும் மாட்டிக்கொள்கிறார். அதாவது கோடு இப்போது ஏழைமேல் இரண்டு மடங்காக விழுகிறது.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், இப்போது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இருப்பது, அதன் 4ஆம் பிரிவில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் "ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரும்மா" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? 2005ல் குஜராத் பார்சி வீட்டு வசதிச் சங்கம் ஒன்று தங்கள் இனத்தாரை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெருநகரம் போனால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஏழு பெருநகரங்களை ஆராய்ந்து 2012ல் வெளிவந்த கட்டுரை ஒன்றைப் படித்தேன். பணக்காரர், ஏழை என்று பிரிந்து வாழ்வதைவிடச் சாதியால் பிரிந்து வாழ்வதுதான் அங்கே அதிகம் என்று அது காட்டியது. சென்னையும் அதில் உண்டு.

அரசு வேண்டுமென்றே கோட்டை அழிக்கப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. சமத்துவபுரம். முதலாவது 1998ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. ஆட்சிகள் மாறியதில் அவற்றின் கவனிப்பும் ஏறி இறங்கியது. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் 1984ஆம் ஆண்டுக் குறிப்புக்கு நேர் எதிரான குறிப்பை எழுத முடியும் என்று அது காட்டியது. பேனா அதேதான்.

அம்பேத்கர் இதற்கு எதிர்த் திசையில் யோசித்தார். 1942ல் நாகபுரி மாநாட்டில், ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கிராமங்களே வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் படித்தபோது எனக்கு அது புரியவில்லை. பிரித்து வைத்ததுதானே நோய், மருந்தும் பிரிவா என்று நினைத்தேன். பிறகு 1978 ஜூலை நினைவுக்கு வந்தது. அப்போது நம் தென் ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த விழுப்புரத்தில், சேரி மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு ஒரு தாய், "நம்ம சனம் பக்கத்துல இருந்தா போதும்" என்று சொன்னால் அது பிரிவினை ஆசை இல்லை. பயம். அம்பேத்கர் கேட்டதும் வெறும் தனி இடம் இல்லை, சொந்த நிலத்தோடு கூடிய இடம். நாங்கள் கொடுத்தது நிலம் இல்லாத தனி இடம், 3 சென்ட்.

பிரித்து வைத்ததன் விலை என்ன என்பதை 2024 ஜூனில் நாடே பார்த்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பட்டியல் சாதிக் குடும்பங்கள், அன்றாடக் கூலிகள் இருக்கும் பகுதி. அது ஊருக்கு வெளியே இல்லை. மாவட்டத் தலைநகருக்குள்ளேயே இருக்கிறது. நகரம் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டது, ஆனால் உள்ளே சேர்த்துக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சியில் இருபது ஆண்டாக இருக்கும் என் நண்பர் ஒருவர் அந்த வாரம்தான் முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் போனதாகச் சொன்னார். நான் மட்டும் எத்தனை முறை போயிருக்கிறேன்?

அப்போது எல்லார் விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. சாராயம் என்றால் மலை என்று ஒரு பேச்சு. அந்த மலையும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான். ஊருக்குக் காலனி எப்படியோ, சமவெளிக்கு அந்த மலை அப்படி. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கிட்டத்தட்ட 30 ஆண்டு கழித்து, 1976ல்தான் ஜாகீர் முறை முடிந்தது. எண்பதுகளில் அளவை வேலையாகக் கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறியிருக்கிறேன். சாமையும் தினையும் விளைந்த நிலம். பிறகு மரவள்ளி வந்தது. மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாமல் இருந்தார்கள். பட்டா இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை. அமெரிக்காவில் சிவப்பு மையால் செய்ததை, இங்கே ஒன்றுமே எழுதாமல் விட்டே செய்துவிட்டோம். கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் சாலை, மருத்துவம், பள்ளி பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. சாவு இவ்வளவு வந்த பிறகுதான் நம் கண் மலை ஏறியது.

மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கும், காலனியிலிருந்து வரும் பிள்ளைக்கும் கள்ளக்குறிச்சியில் கிடைக்கும் முதல் வீடு பெரும்பாலும் அரசு விடுதிதான். படித்து வேலை வாங்கி, விடுதியை விட்டு வெளியே வந்து, "வீடு வாடகைக்கு" அட்டையைப் பார்த்து ஒரு கேட்டைத் தட்டுகிறார்கள். 1955 சட்டம், 1971 சட்டம், 1978 சட்டம் எல்லாம் அவர்களை அந்தக் கேட்டு வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. கேட்டைத் திறப்பது சட்டத்தின் கையில் இல்லை. என் கையில் இருந்தது.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் சேரி காலனி ஆனதை நான் பார்த்தவன். பலகையில் பெயர் மாறும்போது புலப்படத்தில் கல் நகர்வதில்லை.

எட்டாம் நாள் காலையில் என் மனைவிதான் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லப் போறீங்க? அட்வான்ஸ் வந்தாச்சுன்னு பொய் சொல்லணும்னா நீங்களே போன் பண்ணுங்க. என்னால ஆவாது." நான் போன் செய்து வீடு அவர்களுக்குத்தான் என்று சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார். ஆனா ஆவணி முடிஞ்சிடுச்சு. புரட்டாசியில அம்மா குடி வர மாட்டாங்க. ஐப்பசியில வரோம்" என்றார்.

முந்தின வாரமே சொல்லியிருந்தால் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சியிருப்பார்கள். என்னுடைய ஒரு வாரத் தயக்கத்துக்கு, இரவுப் பணி முடித்த அந்தப் பெண் ஒன்றரை மாதம் விடியற்காலைப் பஸ்ஸுக்கு நின்றார். கோப்பை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தால் யாருக்கோ ஒன்றரை மாதம் போகும் என்பது எனக்கு வேலைக் காலத்திலேயே தெரிந்த கணக்குதான்.

ஐப்பசியில் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார், வீட்டு விலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மனை விலை இறங்கியதாக நான் கேள்விப்படவில்லை. எதிர்த் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. அதன் கேட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. போன வாரம் அந்தப் பெண்ணின் தோழி ஒருவர் அந்த வீட்டைக் கேட்டுப் போனாராம். ரெண்டு நாளில் சொல்கிறேன் என்றார்களாம்.